த்ரில்: ஒரு ஓட்டையோட கதை

'படம் செம த்ரில்லிங்'னு சொல்றோம்ல, அந்த 'த்ரில்' என்ற வார்த்தைக்கு முதல்ல இருந்த அர்த்தத்துல உணர்ச்சியே கிடையாது. குத்தி ஓட்டை போடுறது, அவ்வளவுதான்.

பழைய ஆங்கிலத்தில் துளைக்கு ஒரு பெயர் உண்டு. நம்ம எழுத்தில் கிட்டத்தட்ட 'த்யூரெல்'. அதிலிருந்து வந்த வினைச்சொல் 'தர்ல்', அதாவது துளைப்பது. அப்புறம் 'ர்' இடம் மாறி 'த்ரில்' ஆயிடுச்சு. நமக்கு இது புதுசில்லை. தசையை சதைன்னு சொல்றோம், மதுரையை மருதைன்னு சொல்றோம். ஸ்கூல்ல இலக்கணப்போலின்னு படிச்சோமே, அதே கேஸ்.

'நாஸ்ட்ரில்' தெரியும்ல? மூக்கு கூட்டல் துளை. அந்தப் பழைய சொல் இன்னைக்கும் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜன்னல் கதை. ஜன்னலுக்கு ஆங்கிலேயர் வச்சிருந்த பெயர் 'கண் துளை'. 9ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் சண்டைக்கு வந்து, அங்கேயே குடியேறினாங்க. அவங்க மொழியில் ஜன்னல் 'காற்றுக் கண்'. அதுதான் 'விண்டோ'. (தமிழில் காலதர்னு ஒரு சொல் இருக்கு: கால்னா காற்று, அதர்னா வழி. நாம அதை விட்டுட்டு போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து ஜன்னலை எடுத்துக்கிட்டோம். ஆங்கிலத்துலயே கலப்படம் இப்படின்னா, நாம ஏன் இவ்ளோ கூச்சப்படணும்?)

பழைய சொல் உடனே சாகலை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஆங்க்ரென் விஸ்ஸ' என்று ஒரு கையேடு. சர்ச்சை ஒட்டிய சின்ன அறையில், சாகும்வரை வெளியே வராமல் தங்களை அடைச்சுக்கிட்ட பெண்களுக்காக எழுதினது. ஜன்னலை அதில் 'துளை' என்றே சொல்றாங்க. அது எவ்வளவு சின்னதா இருக்கணும், மேல கறுப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை எப்படி இருக்கணும்னு விதி போடுறாங்க. அந்தப் பெண்ணுக்கு வெளி உலகம்னா அந்த ஓட்டைதான். அதையும் அதிகமா விரும்பாதேன்னு அறிவுரை வேற. படிக்கும்போது எனக்கே மூச்சு முட்டுச்சு.

சரி, உடம்பைத் துளைச்ச சொல் மனசுக்குள்ள எப்படிப் போச்சு? ஈட்டி துளைக்கிற மாதிரி பயமும் துளைக்கும், அந்த வழியாத்தான். 1590களில் ஷேக்ஸ்பியர் எழுதின ரோமியோ ஜூலியட்டில், மருந்தைக் குடிக்கப்போகும் ஜூலியட்டின் நரம்புகளில் ஜில்லென்று ஒரு பயம் ஓடுது. அங்கே அவர் போட்ட சொல் 'த்ரில்'. சந்தோஷம் துளியும் இல்லாத த்ரில். காசு கொடுத்து அனுபவிக்கிற 'த்ரில்லர்' கதைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அந்தப் பெயரை வாங்குது.

கடைசியா ஒண்ணு. சுவத்துல ஓட்டை போடுற 'ட்ரில்' டச்சிலிருந்து வந்தது, ஆனா வேர் ஒண்ணுதான். ஆங்கிலத்தின் 'த' டச்சில் 'ட' ஆகும்: த்ரீ, ட்ரீ. அடுத்த தடவை பல் டாக்டர் மெஷினை ஆன் பண்ணும்போது, த்ரில்லோட ஒண்ணுவிட்ட தம்பி வர்றான்னு நினைச்சுக்கோங்க.