மணல் பலகையும் ஆறு துண்டுத் தாளும்

எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல்லையும், 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளுக்கு அழைக்கப்பட்ட உளவியலாளர் எலியட் ஆரன்சனையும் அருகருகே நிறுத்தினால், முதலில் கண்ணில் படுவது இருவரின் நெருக்கடிதான். பெல்லின் உதவி ஆசிரியர்கள் மணலில் எழுதப் பழக்குவது ஆகாத காரியம் என்று கைவிரித்தார்கள். ஆரன்சனின் வகுப்புகளில் வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிக வழியினர் என்று முதன்முறையாகச் சேர்ந்து உட்கார்ந்த பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்.

பெல்லுக்கு மணல் எழுத்து கண்ணில் பட்டது நம் தெருவில். காலையில் குதிரையில் போனவர், தமிழ்ப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். விடுதிக்குத் திரும்பி அதைச் செய்யச் சொன்னபோது பெரியவர்கள் மறுக்கவே, அந்த வேலையைப் படைவீரர் ஒருவரின் எட்டு வயது மகன் ஜான் ஃபிரிஸ்கனிடம் ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். பிள்ளைகளுக்குப் பிள்ளையே சொல்லித்தரும் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் கப்பலேறினார்.

ஆரன்சனோ சட்டாம்பிள்ளையே இல்லாத வகுப்பை அமைத்தார். ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை ஆறு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கொன்று கொடுத்தார். ஒரே துண்டைப் பெற்ற பிற குழுப் பிள்ளைகளோடு கூடிப் பேசித் தேர்ந்தபின், அவரவர் தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். தேர்வோ முழுப் பாடத்திலும். திக்குகிற பிள்ளையைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்தவனுக்கே.

எழும்பூரில் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொன்னான். ஆஸ்டினில் முழுதும் தெரிந்தவன் எவனும் இல்லை. எழும்பூரில் அதிகாரம் ஒரு பிள்ளைக்குக் கைமாறியது. கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ பட்டியல் எழுதும் இன்றைய வகுப்புத் தலைவன் அந்த வழிவந்தவன்தான். ஆஸ்டினில் அதிகாரம் ஆறாக உடைந்தது. சட்டாம்பிள்ளை வராவிட்டால் இன்னொருவன் அந்த இடத்தில் உட்காரலாம். துண்டுக்காரன் வராவிட்டால் பாடத்திலேயே ஓட்டை விழும்.

ஆனால் உறவு ஒன்று இருக்கிறது, எதிர்பாராதது. இரண்டும் வேலை செய்தது பெரியவர் விலகி நின்றதால். எழும்பூரில் அவர்கள் மறுத்து விலகினார்கள். ஆஸ்டினில் திட்டமிட்டு விலகினார்கள். காலியான அந்த இடத்தில்தான் பிள்ளையின் குரல் கேட்டது.

எழுத்துப் பழக மணல் பலகையே போதும். வரலாற்றுப் பாடத்துக்கு என் வாக்கு ஆஸ்டினுக்கு. வாயே திறக்காத பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், ஆசிரியரே, நடுத்துண்டை அதனிடம் கொடுங்கள். முதலையும் முடிவையும் மற்றவர்கள் ஊகித்துவிடுவார்கள். நடுவை அதனிடம்தான் கேட்டாக வேண்டும்.