பழைய பேசும் கருவியும் மலையூர்ப் பாதையும்



பழைய அரிசிக்கும் பழம்புளிக்கும் நம் சந்தையில் மதிப்பு மிகுதி. பழைய பஞ்சாங்கத்துக்கோ எவரும் காசு கொடார். வானொலிக் கருவி இவ்விரண்டனுள் எவ்வகையைச் சேர்ந்தது? குறிப்பாக, ஒருவர் பேச மற்றவர் கேட்கவும், அவர் பேச இவர் கேட்கவும் உதவும் ‘சிட்டிசன் பேண்டு’ என்னும் குடிமக்கள் அலைவரிசைக் கருவி, கைமாறி வந்த நிலையில், இன்றும் வேண்டப்படுகிறதா? கைப்பேசி பரவிய இக்காலத்தில் இவ்வினா வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் பழனி மலைத்தொடரிலுள்ள வெள்ளகவி போன்ற ஊர்களை மனத்திற் கொண்டு நோக்கினால், இதில் வேடிக்கை சிறிதும் இல்லை என்பது விளங்கும்.

கும்பக்கரை அருவிக்கு மேலே தொடங்கி, வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை பழமையானது. அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதல் இரு பங்களாக்களை எழுப்பியது 1845-ஆம் ஆண்டில். அக்காலத்தில் மலையேறுவோர் கால்நடையாகவோ, குதிரை மீதோ, ஆட்கள் சுமந்த பல்லக்கிலோ சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சாலை வேறு வழியாக வளைந்து சென்றது. சாலை கிடைத்த ஊர் நகரமாயிற்று. சாலை எட்டாத வெள்ளகவியோ நெடுங்காலம் நடந்தே பிழைத்தது. காப்பியும் மிளகும் குதிரை முதுகில் இறங்கின. அரிசியும் உப்பும் அவ்வாறே ஏறின. ஊர் முழுவதையும் கோயிலாகக் கருதி, எல்லைக்குள் காலணி அணியாத வழக்கம் அங்கு உண்டு. நோயுற்றவரை டோலி கட்டித் தூக்கிச் சென்ற துயரமும் அவ்வூர் வரலாற்றின் ஒரு பகுதியே. இத்தகைய ஊரில், ஒரு சொல் காலத்தில் கீழே சென்று சேர்ந்தால் ஓர் உயிர் பிழைக்கும். ஆதலால் தொலைவில் பேசும் கருவி அங்கே ஆடம்பரம் அன்று.

பிறர் பயன்படுத்திய கருவியை வாங்கி ஆள்வது இழிவு என்று எண்ணுவோர் நம் வானொலியின் வரலாற்றை நினைவு கூர்தல் வேண்டும். சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அதே ஆண்டு சூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பு தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் கழகம் முடங்கியது. ஆனால் அதன் ஒலிபரப்பி பரணில் தூங்கவில்லை. அதனைக் கழகம் சென்னை மாநகராட்சிக்கு அளித்தது. மாநகராட்சி 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு அன்றாட ஒலிபரப்பை நடத்தி வந்தது. 1938-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் சென்னை வானொலி நிலையம் திறக்கப்படும் வரை, நகர மக்கள் கேட்டது அந்தப் பழைய கழகத்தின் வழிவந்த ஒலியையே. இலங்கையின் கதை இன்னும் சுவையானது. 1923-இல் எட்வர்டு ஹார்ப்பர் கொழும்பில் நடத்திய சோதனை ஒலிபரப்புக்கு, பிடிபட்ட செருமானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகள் உதவின என்று அந்நிலைய வரலாறு கூறும். போரில் அழிவுக்கு ஏவல் சுமந்த கருவி, பின்னர் இசையைச் சுமந்தது!

இனிக் குடிமக்கள் அலைவரிசைக்கு வருவோம். அமெரிக்க நாட்டில் 1958-ஆம் ஆண்டு, 27 மெகாஹெர்ட்சுப் பகுதியில் 23 தடங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இதன் அலைநீளத்தை என் மாணவர்க்குச் சொல்லும் முறையிலேயே சொல்கிறேன்: 300-ஐ 27-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11 மீட்டர் வரும். அதில் காற்பங்கு, அதாவது மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைந்த கம்பியே நல்ல அலைவாங்கியாகும். 12 வோல்ட்டு மோட்டார் மின்கலமே கருவிக்குப் போதும்; வெளிப்படும் ஆற்றல் 4 வாட்டு. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எரிபொருள் கிடைக்கும் இடத்தை ஒருவர்க்கொருவர் அறிவிக்க லாரி ஓட்டுநர்கள் இதனைக் கையாண்டனர். நாடு முழுவதும் இது பித்தாகப் பரவிற்று. நெரிசல் தாங்காமல் 1977-இல் தடங்கள் 40 ஆக உயர்த்தப்பட்டன. உடனே 23 தடக் கருவிகள் மலிந்து, அடிமாட்டு விலைக்குப் போயின. 1983-இல் உரிமம் பெற வேண்டிய கட்டாயமும் அங்கே நீங்கிற்று. பின்னர்க் கைப்பேசி வந்து பெருங்கூட்டத்தைக் கவர்ந்துகொண்டது. லாரி ஓட்டுநர்களும், காட்டு வழியில் வண்டி செலுத்துவோரும், பழங்கருவிகளைச் சேர்ப்போருமே எஞ்சி நின்றனர்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் உரிமமின்றி இத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாகக் கருதின. 2005-ஆம் ஆண்டின் விதிகளே, 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்சு வரையிலான பகுதியில், 5 வாட்டுக்கு மேற்படாத ஆற்றலுக்கு உரிம விலக்கு அளித்தன. கருவி அங்கீகரிக்கப்பட்ட வகையைச் சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். பிறர்க்கு இடையூறு செய்யலாகாது. தனக்கு இடையூறு நேர்ந்தால் பாதுகாப்புக் கோரவும் இயலாது.

இங்கே ஒரு விந்தை உண்டு. அமெரிக்கக் கருவியின் 40 தடங்கள் 26.965-இல் தொடங்கி 27.405 வரை செல்கின்றன. நம் எல்லை 27.283-இல் முடிகிறது. ஆகவே முதல் 27 தடங்கள் எல்லைக்குள் அடங்கும். 28 முதல் 40 வரையிலான 13 தடங்கள் வெளியே நிற்கும். 1977-க்கு முற்பட்ட 23 தடக் கருவியோ 27.255-உடன் நின்றுவிடுவதால், அலைவரிசையைப் பொறுத்தமட்டில், முழுவதும் நம் எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. அங்கே தள்ளப்பட்ட கருவி, இங்கே இந்த ஓர் அளவில் புதியதைவிடப் பொருத்தமாக அமைகிறது. எனினும் அலைவரிசை பொருந்தியதனாலேயே சட்டம் நிறைவடைந்ததாகாது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், உரிய விவரமின்றி வாக்கி-டாக்கிகளை விற்ற இணையச் சந்தைகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவிப்புகள் அனுப்பியதை வாங்குவோர் மறத்தலாகாது.

சட்டத்துக்கு அடுத்தது இயற்கை. ஆயிரம் மீட்டர் உயரத்தில் மறைப்பின்றி நின்று பார்த்தால், அடிவானம் ஏறத்தாழ 113 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். ஆதலால் மலைச்சரிவிலிருந்து சமவெளியை நோக்கிப் பேசுதல் எளிது; இடையே முகடு குறுக்கிட்டால் மிக அருகிலுள்ள ஊரும் எட்டாக்கையாகிவிடும். கதிரவனும் இதில் தலையிடுகிறான். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றின் கரும்புள்ளிகள் பெருகும்போது, வானத்தின் அயனி மண்டலம் 27 மெகாஹெர்ட்சு அலைகளையும் திருப்பி அனுப்பும். அயல் நாட்டுப் பேச்சு வந்து அண்டை வீட்டுப் பேச்சை மூழ்கடிக்கும். கரும்புள்ளிகள் இதுவரை அளந்தவற்றுள் மிகுதியாயிருந்த 1957-58-ஐ ஒட்டியே அமெரிக்கர் இந்தத் தடங்களைத் திறந்தனர் என்பது காலத்தின் குறும்பு! அக்கரும்புள்ளிகளை ஆராயும் பெருமை நம் மலைக்கே உரியது. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தில்தான், கரும்புள்ளியில் வாயுக்கள் பாயும் தன்மையை எவர்செட்டு 1909-இல் கண்டறிந்தார்.

அவ்வாறாயின் கைமாறிய இக்கருவிக்கு இன்று தேவை உண்டா? கடைவீதியில் கேட்டால், சிறிதளவே உண்டு என்பதே விடை. கைப்பேசி ஒருவரை அவர் எங்கிருந்தாலும் தேடிச் செல்கிறது. இக்கருவியோ வெட்டவெளியில் கூப்பிடுகிறது. ஆனால் கைப்பேசிக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். புயலிலும் வெள்ளத்திலும் அவ்விரண்டும் வீழக்கூடும் என்பதை 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2015-ஆம் ஆண்டின் சென்னைப் பெருவெள்ளமும் நமக்குக் கற்பித்தன. ஆழிப்பேரலையின்போது அந்தமானிலிருந்து செய்தி அனுப்பி உதவியவர்கள், தேர்வெழுதி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியினர்.

விலையைக் காட்டிலும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. ஒற்றைக் கருவிக்குப் பயனே இல்லை. மலைமேல் ஒருவர் பேசினால், அடிவாரத்தில் ஒருவர் செவி கொடுத்து இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 9-ஆம் தடத்தை அவசர உதவிக்கென ஒதுக்கி, தொண்டர்கள் முறைவைத்துக் கேட்டு வந்தனர். கருவியின் சிறப்பைவிட அவர்களுடைய பொறுமையே பலரைக் காத்தது. ஆகவே ஒரு மலையூர் பழைய கருவியை வாங்க விரும்பினால், அதன் விலையை வினவுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: இது நம் சட்டத்துக்கு உட்பட்டதா? இடையே முகடு மறைக்கின்றதா? நள்ளிரவில் கூப்பிட்டால் மறுமுனையில் கேட்பவர் யார்? முதல் இரண்டுக்கும் நூலறிவும் நிலவரைபடமும் விடை தரும். மூன்றாவதற்கு ஊராரே கூடி விடை தேட வேண்டும். அவ்விடை கிடைத்த ஊரில் பழைய கருவி பழம்புளிக்கு நிகராகும். கிடைக்காத ஊரில் புத்தம்புதிய கருவியும் சென்ற ஆண்டுப் பஞ்சாங்கமே.