யோனித் தசையிறுக்கம்

யோனித் தசையிறுக்கம் என்பது யோனியினுள் ஆணுறுப்போ, விரலோ, மருத்துவக் கருவியோ நுழைய முற்படும்போது, யோனி வாயைச் சூழ்ந்துள்ள இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும் நிலை ஆகும். மருத்துவத்தில் இது வஜைனிஸ்மஸ் என அழைக்கப்படுகிறது. கண்ணருகே ஒரு பொருள் வரும்போது இமை மூடிக்கொள்வதைப் போல, இவ்விறுக்கம் பெண்ணின் விருப்பத்திற்கு உட்பட்டதன்று. இதனால் உடலுறவு வலிமிக்கதாகவோ இயலாததாகவோ அமைகிறது.

வகைகள்

தொடக்கம் முதலே காணப்படுவது முதன்மை வகை எனப்படும். இயல்பாக உடலுறவு கொண்டுவந்த பெண்ணுக்கு மகப்பேற்றுக் காயம், நோய்த்தொற்று, அறுவைச் சிகிச்சை, மாதவிடாய் நிறுத்தம் போன்றவற்றின் பின்னர் ஏற்படுவது இரண்டாம் நிலை வகை எனப்படும்.

காரணங்கள்

வலி பற்றிய அச்சம், பாலியல் குறித்த குற்றவுணர்வு, உடலுறுப்புகளைப் பற்றிய அறியாமை, பாலியல் வன்முறைக்கு உள்ளானமை ஆகியன காரணங்களாகலாம். பலரிடம் தெளிவான காரணம் எதுவும் காணப்படுவதில்லை. அச்சம் இறுக்கத்தையும், இறுக்கம் வலியையும், வலி மேலும் அச்சத்தையும் தோற்றுவிக்கின்றன.

விளைவுகள்

பாலியல் விருப்பமும் கிளர்ச்சியும் இயல்பாக இருக்கக்கூடும். கருப்பை, சூலகம் ஆகியவற்றின் செயற்பாட்டை இந்நிலை பாதிப்பதில்லை. எனினும் உடலுறவு நிகழாமையால் கருத்தரிப்பு தடைப்படும்போது, பெண் மலடி எனப் பழிக்கப்படுவதுண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் கடினமாகிறது. இந்தியாவின் இந்து திருமணச் சட்டம், 1955-இன் 12ஆம் பிரிவு, எதிர்த்தரப்பினரின் உடலுறவு இயலாமையால் நிறைவுறாத திருமணத்தை நீதிமன்றம் வழியே இரத்துச் செய்ய இடமளிக்கிறது. எனவே இந்நிலை குணப்படுத்தத் தக்கது என்பதைத் தம்பதியர் இருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கண்டறிதல்

நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிதலும், அவரது ஒப்புதலுடன் மெதுவாகச் செய்யப்படும் பரிசோதனையும் முதன்மையானவை. தொற்று, யோனித் தடுப்புச் சவ்வு போன்ற பிற காரணங்கள் இல்லையென உறுதி செய்யப்படும். வற்புறுத்திப் பரிசோதித்தல் அச்சத்தை மிகுவிக்கும்.

சிகிச்சை

 * உடற்கூறு பற்றிய விளக்கமும் பாலியல் ஆலோசனையும்
 * இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் இயன்முறை மருத்துவமும்
 * படிப்படியாக அளவு கூடும் விரிப்பான்களைப் பெண் தாமே பயன்படுத்துதல்
 * அறிதல்சார் நடத்தை மருத்துவம்
 * பிற முறைகள் பயனளிக்காதபோது, சில இடங்களில் போட்டுலினம் நச்சு ஊசி

சிகிச்சைக் காலத்தில் உடலுறவு முயற்சியை நிறுத்திவைப்பது வழக்கம். கணவரின் பொறுமையும் பங்கேற்பும் பெரிதும் உதவும்.

வரலாறு

1860களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் மரியன் சிம்ஸ் இப்பெயரைச் சூட்டினார். அவர் அறுவைச் சிகிச்சையையே பரிந்துரைத்தார். 1970இல் மாஸ்டர்ஸ், ஜான்சன் ஆகியோர் விரிப்பான்களுடன் இணையருக்கான ஆலோசனையை முன்வைத்தனர். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு, இதனையும் உடலுறவு வலியையும் ஒரே கோளாறாக இணைத்தது.