ஆள்களப் பெயர் மாற்றமும் தேடுபொறி அட்டவணையும்

ஆள்களப் பெயர் மாற்றம் என்பது ஒரு வலைத்தளம் தன் பழைய இணையப் பெயரை விட்டு வேறொரு பெயருக்கு இடம்பெயர்வதைக் குறிக்கும். தளத்தின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறாதிருப்பினும், தேடுபொறிகள் ஒவ்வொரு பக்கத்தையும் அதன் முகவரியைக் கொண்டே இனங்காண்கின்றன. எனவே உரிய வழிமாற்று இல்லையெனில், புதிய பெயரிலுள்ள தளம் முன்பின் அறியப்படாத தளமாகவே கருதப்படும். பல ஆண்டுகளாகப் பிற தளங்கள் அளித்த இணைப்புகளால் கிடைத்த மதிப்பும் பழைய பெயருடனேயே நின்றுவிடும்.

பின்னணி

கடலூர் மாவட்டத்தில் அமைந்துள்ளதும் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றதுமான விருத்தாசலம், இச்சிக்கலை விளக்க ஏற்ற ஊராகும். இதன் பழந்தமிழ்ப் பெயர் திருமுதுகுன்றம். 'விருத்த' என்பது முதுமையையும் 'அசலம்' என்பது மலையையும் குறிப்பதால் இரு பெயர்களுக்கும் பொருள் ஒன்றே. இதனை மனிதர் அறிவர். இயந்திரத்திற்கு அதனைத் தெரிவிக்க வேண்டியுள்ளது. தமிழில் விருத்தாசலம், விருத்தாச்சலம் என இருவகையாகவும், ஆங்கிலத்தில் அதனினும் பல வகையாகவும் இப்பெயர் எழுதப்படுகிறது. தமிழ்நாடு அரசு 2020 சூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, அதே மாதத்தில் அதனைத் திரும்பப் பெற்றது. ஊர்ப் பெயரைத் தன் ஆள்களப் பெயரில் கொண்ட பீங்கான் கூடம் ஒன்று எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தை மாற்றினாலும், தேடுபொறிக்கு அது வேறொரு தளமே ஆகும்.

செயற்படும் முறை

தேடுபொறியின் தானியங்கி, பழைய முகவரியைக் கேட்கும்போது வழங்கி ஒரு நிலைக்குறியை விடையாக அளிக்கிறது.

- 301, 308: பக்கம் நிரந்தரமாக இடம்பெயர்ந்தது. புதிய முகவரியே அட்டவணையில் இடம்பெற வேண்டும் என்பதற்கான வலுவான குறிப்பு இது.
- 302, 307: தற்காலிக மாற்றம். பழைய முகவரியே அட்டவணையில் தொடரக்கூடும்.
- 404, 410: பக்கம் இல்லை. காலப்போக்கில் அது அட்டவணையிலிருந்து நீக்கப்படும்.

நிரந்தர வழிமாற்றின் வழியாகப் பழைய பக்கத்தின் இணைப்பு மதிப்பு புதிய பக்கத்தைச் சேர்கிறது. நடுத்தர அளவிலான தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் இடம்பெயரச் சில கிழமைகள் ஆகலாம் எனக் கூகுள் கூறுகிறது. அக்காலத்தில் தேடல் வரிசையில் ஏற்ற இறக்கம் காணப்படுவது இயல்பு.

பரிந்துரைக்கப்படும் நடைமுறைகள்

1. ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்திற்கே வழிமாற்ற வேண்டும். அனைத்தையும் முகப்புப் பக்கத்திற்குத் திருப்பினால், அவை இல்லாத பக்கங்களாகக் கருதப்படக்கூடும்.
2. ஒரு வழிமாற்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவும் சங்கிலியைத் தவிர்த்தல் வேண்டும். கூகுளின் தானியங்கி 10 தாவல்கள் வரை பின்தொடரும்.
3. தளத்தின் உள்ளிணைப்புகளிலும் தளவரைபடத்திலும் புதிய முகவரியையே இடவேண்டும்.
4. கூகுள் 2009ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய முகவரி மாற்றக் கருவி வழியாக மாற்றத்தை அறிவிக்கலாம்.
5. வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டு காலம் வைத்திருத்தல் வேண்டும்.
6. புதிய பெயரை முன்னர் எவரேனும் எரித விளம்பரங்களுக்குப் பயன்படுத்தினரா எனப் பதிவுக்கு முன்னரே ஆராய்தல் நன்று.

தமிழ் எழுத்துகளில் அமைந்த பக்க முகவரிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் 3 பைட்டுகளாகி, முகவரியில் விழுக்காட்டுக் குறியுடன் 9 எழுத்துகளாக நீள்கிறது. வழிமாற்றுப் பட்டியலில் இதில் ஒன்று பிறழ்ந்தாலும் அப்பக்கம் தொலைந்துவிடும்.

இந்திய வங்கிகளின் இடப்பெயர்வு

இந்தியாவில் இம்மாற்றம் பெருமளவில் நிகழ்ந்தது 2025ஆம் ஆண்டிலாகும். இணைய மோசடிகளைக் குறைக்கும் நோக்குடன், வங்கிகளுக்கென 'பேங்க்.இன்' என முடியும் ஆள்களப் பெயர்கள் வழங்கப்படும் என இந்திய ரிசர்வ் வங்கி அவ்வாண்டு பெப்ரவரியில் அறிவித்தது. 2025 அக்டோபர் 31ஆம் நாளுக்குள் வங்கிகள் இடம்பெயர வேண்டும் என ஏப்ரல் மாதத்தில் ஆணையிட்டது. ஐதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான ஒரே பதிவாளராக அமைந்தது. இதன்படி பாரத ஸ்டேட் வங்கியின் தளம் 'எஸ்பிஐ.கோ.இன்' என்பதிலிருந்து 'எஸ்பிஐ.பேங்க்.இன்' என்பதற்கு மாறியது.

இத்தகைய தளங்களில் வழிமாற்று பிழைபடுதல் வெறும் வரிசை இழப்பன்று. வங்கியின் பெயரைத் தேடுபவருக்கு உண்மையான பக்கம் கிட்டாதபோது, அதனை ஒத்த போலித் தளம் கண்ணில் படும் வாய்ப்பு மிகுகிறது.

பழைய பெயரைக் கைவிடுதல்

பதிவு புதுப்பிக்கப்படாத ஆள்களப் பெயரைப் பிறர் எவரும் பதிவு செய்து கொள்ளலாம். விலைப்பட்டியல், பெயர்ப்பலகை, கணக்கேடு ஆகியவற்றில் அச்சிடப்பட்ட பழைய முகவரியைத் தேடுபொறியின் துணையால் திருத்த இயலாது. ஆதலின் அட்டவணை முழுமையாக மாறிய பின்னரும், பழைய பெயரின் பதிவைத் தொடர்ந்து புதுப்பித்து வருவதே பாதுகாப்பானதாகும்.