கொட்டும் மழையிலும் '0' காட்டும் மழைமானி: ஒயர்லெஸ் போர்டின் ஃபர்ம்வேர் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

2019 ஆகஸ்ட் 8. நீலகிரி மாவட்டம் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படி ஒரு நாளில், தேயிலைத் தோட்டத்துச் சரிவில் தானாகத் தகவல் அனுப்பும் ஒரு மழைமானி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத் திரையில் அது '0' என்று காட்டுகிறது. மழை நின்றுவிட்டதா? போர்டு செத்துவிட்டதா? இல்லை, புரோகிராமில் பிழையா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

நீலகிரிக்கு இது ஏன் முக்கியம்?

2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி உள்ளிட்ட பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2020 பருவமழைக் காலம் முதல் சோதனை முறையில் நிலச்சரிவு முன்கணிப்பு அறிக்கை வழங்கத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த இடங்கள் மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங், கலிம்போங் பகுதியும் நம்ம நீலகிரியும்தான். 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையமும் தொடங்கப்பட்டது.

இந்தக் கணிப்புகளுக்கு அடிப்படை மழை அளவு. நீலகிரியிலோ ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும் மழை அடுத்த பள்ளத்தாக்கில் இருக்காது. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. அதனால் ஒரே இடத்தில் அளந்தால் போதாது, பல இடங்களில் அளக்க வேண்டும்.

இப்படி எங்காவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். கேரளாவின் மூணாறில் அந்தோணியார் காலனி மலைச்சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் ஒயர்லெஸ் சென்சார் வலையமைப்பை நிறுவியது. மண்ணுக்குள் நீர் அழுத்தம், ஈரப்பதம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அளந்து, செயற்கைக்கோள் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அது. 2009 ஜூலை மழையின்போது அதன் அடிப்படையில் எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது.

போர்டுக்குள் என்ன இருக்கிறது?

இன்று மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவது இஎஸ்பி32. வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ளேயே இருக்கும் சிப் இது. மலையில் வைஃபை எட்டாது என்பதால், சில கிலோமீட்டர் வரை போகும் லோரா ரேடியோவைச் சேர்ப்பார்கள். இந்தியாவில் இதற்கு 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம்.

மழைமானிக்குள் சின்ன ஊசலாடும் வாளி. சில மாடல்களில் 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் அது ஒரு முறை கவிழும். ஒவ்வொரு கவிழ்தலையும் போர்டு எண்ண வேண்டும். அந்த எண்ணும் வேலையைச் செய்யும் நிரல்தான் ஃபர்ம்வேர். லேப்டாப்பில் எழுதி, யுஎஸ்பி கேபிள் வழியாக ஏற்றினால் வேலை முடிந்தது. உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான்!

எங்கே சறுக்குகிறது?

ஒன்று, எண்ணிக்கை நிரம்பி வழிவது. ரேடியோ செய்தியைச் சிறிதாக்க, எண்ணிக்கைக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்குவார்கள். அதில் 255 வரைதான் எழுத முடியும். 256-வது கவிழ்தலில், அதாவது 51.2 மில்லிமீட்டரில், அது மறுபடி 0 ஆகிவிடும். சாரல் மழையில் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. அவலாஞ்சி மழைக்கு 4,100 கவிழ்தல் தேவை. இரண்டு பைட் கொடுத்தால் 65,535 வரை போகும்.

இரண்டு, தூக்கத்தில் தவறவிடுவது. பேட்டரியைச் சேமிக்க போர்டை 'டீப் ஸ்லீப்' நிலையில் வைப்பார்கள். மேசையில் விழித்திருக்கும்போது சரியாக எண்ணிய நிரல், தூங்கும்போது எண்ணாது. இஎஸ்பி32-ல் உள்ள குறைமின் துணைச் செயலியிடம் எண்ணும் வேலையை ஒப்படைப்பது ஒரு வழி.

மூன்று, ஒன்றைப் பலவாக எண்ணுவது. வாளி கவிழும்போது சுவிட்ச் சில மில்லிசெகண்ட் அதிரும். ஒரு கவிழ்தல் மூன்று, நான்காகப் பதிவாகும். முதல் துடிப்புக்குப் பின் 100 மில்லிசெகண்ட் வரை வருவதை ஒதுக்கிவிட்டால் போதும்.

நான்கு, மின்னழுத்தம் சரிவது. ரேடியோ இயங்கும் நொடியில் மின்சாரத் தேவை எகிறும். பேட்டரி பலவீனமாக இருந்தால் 'பிரவுன்அவுட்' என்ற செய்தியோடு போர்டு மறுபடி தொடங்கும். ஒவ்வொரு கவிழ்தலுக்கும் செய்தி அனுப்பினால், அவலாஞ்சி மழையில் சராசரியாக 21 விநாடிக்கு ஒரு முறை அனுப்ப நேரிடும். மேகமூட்டத்தில் சோலார் பேனலும் கைவிடும். ஆக, மழை உச்சத்தில் இருக்கும்போதுதான் கருவி சாகும். எண்ணிவைத்து, 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்புவது நல்லது.

பிழையை எப்படிப் பிடிப்பது?

மேசையில் இருக்கும்போது முதல் உதவி சீரியல் மானிட்டர். வேகத்தை 115200 என்று வைத்தால் போர்டு சொல்வதெல்லாம் திரையில் ஓடும். நிரல் நொறுங்கினால் 'குரு மெடிட்டேஷன் எரர்' என்று வரும். பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு விடாதீர்கள். அதன் கீழே வரும் முகவரி வரிசையைக் கொண்டு, எந்த வரியில் பிழை என்று கண்டுபிடிக்கலாம். அதற்கு, போர்டில் ஏற்றிய அதே பதிப்பின் கோப்பு உங்களிடம் பத்திரமாக இருக்க வேண்டும். இன்னொரு போர்டை வைத்து 4,100 போலித் துடிப்புகளை அனுப்பி, கணக்கு சரியாக வருகிறதா என்றும் பாருங்கள்.

மலைக்குப் போன பிறகு கேபிள் கிடையாது. அதனால் ஒவ்வொரு செய்தியிலும் நான்கு விஷயங்கள் வரட்டும்: மொத்த எண்ணிக்கை, பேட்டரி வோல்டேஜ், எத்தனை முறை மறுதொடக்கம் ஆனது, கடைசியாக ஏன் ஆனது. நிரல் எங்காவது சிக்கிக்கொண்டால் தானே மறுதொடக்கம் செய்ய 'வாட்ச்டாக்' டைமர் இருக்க வேண்டும்.

1997-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் இதற்குப் பெரிய உதாரணம். அங்கே கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனது. பூமியில் இருந்த நகல் கருவியில் அதே பிழையை வரவழைத்து, காரணம் கண்டுபிடித்து, திருத்தத்தை விண்வெளி வழியாக அனுப்பினார்கள். மலையில் ஒன்று வைத்தால், மேசையில் அதே மாதிரி இன்னொன்று இருக்கட்டும்.

மழை இல்லையா, தகவல் இல்லையா?

கடைசியாக, திரையில் இந்த வேறுபாடு கண்டிப்பாகத் தெரிய வேண்டும். செய்தி வந்து, எண்ணிக்கை கூடாமல் இருந்தால் 'மழை இல்லை'. குறித்த நேரத்தில் செய்தியே வராவிட்டால் 'தகவல் இல்லை' என்று சிவப்பில் காட்ட வேண்டும், '0' என்று நிரப்பக் கூடாது. சரிவுக்குக் கீழே லைன் வீடுகளில் தூங்குபவர்களை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் பார்ப்பது அந்தத் திரையைத்தான்.