கணினிக்கு ஒரு துபாஷி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதை வாசகர்களில் பலர் அறிவீர்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு உயரம் ஏறும்போது காற்றழுத்தம் சுமார் 980 ஹெக்டோபாஸ்கலிலிருந்து 850 வரை குறையவேண்டும். எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்களுடன் சேர்வராயன் மலைக்குச் சென்றபோது, ஒவ்வொரு வளைவிலும் இந்த அழுத்தத்தை அளந்து வரைபடம் வரையத் திட்டமிட்டோம்.

கருவிகள் எளியவை: ஓர் அழுத்த உணரி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை, ஒரு மடிக்கணினி. அடிவாரத்தில் பலகையை மடிக்கணினியுடன் இணைத்தோம். பலகையில் சிறு விளக்கு எரிந்தது. ஆனால் கணினியோ அப்படி ஒரு பொருள் வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒன்று, இரண்டு என்று வளைவுகள் கடந்துகொண்டே இருந்தன. இருபதும் முடிந்தன, ஓர் அளவீடுகூடக் கிடைக்கவில்லை. பலகையை வைத்திருந்த முதலாண்டு மாணவி, தமிழ்வழியில் படித்து வந்தவள், "சார், என் கை பட்டுத்தான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

அவள் கேள்விக்குச் சரியான விடை சொல்ல வேண்டுமானால், கணினிகளும் கருவிகளும் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்ட வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

துபாஷி என்பவர் யார்?

ஐரோப்பியர் நம் கடற்கரையில் வணிகம் செய்த காலத்தில், இருதரப்பு மொழியும் அறிந்த துபாஷிகள் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்கவில்லை. புதுச்சேரியில் ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையை நாம் அறிவோம். கணினிக்குள்ளும் இப்படிப்பட்ட துபாஷிகள் இருக்கின்றன. அவற்றை 'டிரைவர்' என்றும் 'இயக்கி' என்றும் அழைக்கிறோம். வெளியிலிருந்து வரும் கருவி ஒரு மொழி பேசுகிறது. கணினியின் இயங்குதளம் வேறொரு மொழி பேசுகிறது. இடையில் நின்று மொழிபெயர்க்கும் சிறு நிரலே இயக்கியாகும். பலகை பழுதற்றதாக இருக்கலாம். கணினியும் பழுதற்றதாக இருக்கலாம். துபாஷி வரவில்லையென்றால் இரண்டும் ஊமைகளே!

கம்பிகள் நேராகப் பேசிய காலம்

தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1960-இல் அமெரிக்காவில் ஆர்.எஸ். 232 என்ற தொடர்நிலை இணைப்புமுறை வகுக்கப்பட்டது. இதில் ஒரு கம்பியின் வழியே பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். மின்னழுத்தம் −3 முதல் −15 வோல்ட்டு வரை இருந்தால் அது '1'. +3 முதல் +15 வரை இருந்தால் அது '0'. இருபுறமும் ஒரே வேகத்தை அமைத்துவிட்டால் போதும், பேச்சு தொடங்கிவிடும். வேகம் பொருந்தாவிட்டால் திரையில் பொருளற்ற எழுத்துகள் கொட்டும்.

நம் நாட்டில் 1984-இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியே பி.பி.சி. மைக்ரோ என்ற கணினிகள் பள்ளிகளுக்கு வந்தன. அவற்றில் 8 கம்பிகள் கொண்ட ஒரு வாயில் இருந்தது. நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓர் எண்ணை எழுதினால், அதற்கேற்பக் கம்பிகளில் மின்னழுத்தம் தோன்றும். மின்சுற்றை இணைத்து ஒரு விளக்கை எரிக்கலாம். இடையில் துபாஷி எவரும் இல்லை. ஆனால் விசைப்பலகைக்கு ஒரு வாயில், அச்சுப்பொறிக்கு வேறொன்று, மோடத்திற்கு மற்றொன்று என்று கணினியின் பின்புறம் முழுதும் வெவ்வேறு வாயில்களாக நிறைந்தது.

ஒரே வாயில், பல விருந்தினர்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1994-இல் ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடின. இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய, பரோடாவில் பயின்ற அஜய் பட் இம்முயற்சியின் முன்னணியில் இருந்தவர்களுள் ஒருவர். 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. முதல் பதிப்பு வெளியாயிற்று. விநாடிக்கு 15 இலட்சம் பிட்டு, 120 இலட்சம் பிட்டு என இரு வேகங்கள் அதில் இருந்தன.

இதன் செயல்முறை சுவையானது. வடத்தில் நான்கு கம்பிகள். இரண்டு 5 வோல்ட்டு மின்சாரம் தருபவை. இரண்டு செய்தி கொண்டு செல்பவை. கருவியினுள் செய்திக் கம்பி ஒன்றோடு 1,500 ஓம் மின்தடை ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். கருவியைச் செருகியதும் இந்த மின்தடை அக்கம்பியின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. "வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள்" என்று கணினி அறிவது இதனால்தான். உடனே அது கருவியிடம் சில கேள்விகள் கேட்கும். கருவி தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண்ணையும் தன் பொருள் எண்ணையும் சொல்லும். ஒவ்வொன்றும் 16 பிட்டு எண். கணினி தன் பட்டியலில் தேடி, அந்த எண்களுக்குரிய இயக்கியை அழைக்கும்.

எண்ணம் அழகியது, நடைமுறை உடனே கைகூடவில்லை. 1998 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், விண்டோஸ் 98 மேடையேற்றப்பட்டது. பில் கேட்ஸ் அருகில் நிற்க, யு.எஸ்.பி. வருடி ஒன்றைக் கணினியில் செருகினார்கள். மறுகணமே திரை நீலநிறமாகிக் கணினி முடங்கியது! அரங்கம் சிரித்தது. அந்த மேடையிலேயே நிகழ்ந்தது நம் மாணவிக்கு நிகழ்ந்ததில் வியப்பில்லையன்றோ?

இத்தாலிய ஊரிலிருந்து ஒரு பலகை

2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்புக் கல்வி நிலையம் ஒன்றில் ஆர்டுயினோ பலகை பிறந்தது. மாசிமோ பான்சி, டேவிட் குவார்ட்டியெல்லஸ் முதலியோர் இதை உருவாக்கினர். அதே நிலையத்தில் எர்னாண்டோ பாராகன் முன்னரே செய்த 'ஒயரிங்' என்னும் பணி இதற்கு அடிப்படை. மின்னணுவியல் அறியாத மாணவரும் பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் அப்பலகையின் நுண்கட்டுப்படுத்திக்குப் பழைய தொடர்நிலை மொழிதான் தெரியும். மடிக்கணினிகளோ அந்த வாயிலைக் கைவிட்டு யு.எஸ்.பி.க்கு மாறிக்கொண்டிருந்தன. எனவே இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்றிச் சில்லு தேவைப்பட்டது. தொடக்கத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சில்லு பயன்பட்டது. பலகையின் வடிவமைப்பு யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டிருந்ததால், பல நாடுகளில் அதை மலிவாகச் செய்யத் தொடங்கினர். அவற்றில் சி.எச். 340 போன்ற வேறு சில்லுகள் இடம்பெற்றன. சில்லு மாறினால் எண் மாறும். எண் மாறினால் துபாஷியும் மாற வேண்டும்.

இதில் வாங்குபவருக்கு ஓர் ஆபத்தும் இருந்தது. 2014 அக்டோபரில், எப்.டி.டி.ஐ. வெளியிட்ட புதிய இயக்கி, விண்டோஸ் புதுப்பித்தல் வழியே கணினிகளுக்கு வந்தது. அது போலிச் சில்லுகளைக் கண்டால், அவற்றின் பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. அதன்பின் எந்தக் கணினியும் அவற்றை அடையாளம் காணவில்லை. போலி செய்தவருக்கு இழப்பில்லை. அறியாமல் வாங்கியவரின் கருவியே முடங்கியது. எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் அந்த இயக்கி திரும்பப் பெறப்பட்டது. நம் மேசைமேல் இருக்கும் பொருள் இயங்குமா என்பதை எங்கோ இருப்பவர் தீர்மானிக்க முடியும் என்று அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

2022-இல் வேறொரு வேடிக்கை. உபுண்டு 22.04 இயங்குதளத்தில், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் நிரல் ஒன்று உண்டு. அத்தகைய கருவி ஒன்றும் சி.எச். 340 சில்லும் ஒரே எண்ணைச் சொல்வதால், அந்நிரல் பலகையைப் பிரெயில் கருவி என்று கருதித் தன்வசப்படுத்திக்கொண்டது! பெயர் ஒன்றாயிருப்பதால் ஆளை மாற்றிப் பிடித்த கதைதான்.

அன்றிரவு ஏற்காட்டில்

இனி எங்கள் பலகைக்கு வருவோம். இரவு, தங்கியிருந்த விடுதியில், மாணவியையே ஆராயச் சொன்னேன். விளக்கு எரிகிறது; ஆகவே மின்சாரக் கம்பிகள் சரி. கணினி "தெரியாத கருவி" என்றுகூடச் சொல்லவில்லை. ஆகவே மின்தடையின் அறிவிப்பே கணினியை எட்டவில்லை. "அப்படின்னா செய்திக் கம்பி இல்லையா சார்?" என்றாள். ஆம்! அந்த வடம் கைப்பேசிக்கு மின்னேற்றுவதற்கு மட்டுமானது. உள்ளே இரண்டே கம்பிகள். அதுவரை நாங்கள் மூன்று முறை இயக்கியை நிறுவியதெல்லாம் வீண்.

வேறு வடத்தைச் செருகியதும் "தெரியாத கருவி" என்று கணினி அறிவித்தது. தோல்விதான் என்றாலும் அது முன்னேற்றம்! கைலென்சால் சில்லின் மேலிருந்த எழுத்துகளைப் படித்தாள். நாங்கள் நிறுவியிருந்தது வேறொரு சில்லின் இயக்கி. உரிய இயக்கியைச் சில்லு தயாரித்தவரின் தளத்திலிருந்தே பெற்று நிறுவியதும், பட்டியலில் புதிய வாயில் எண் தோன்றியது.

நீங்களும் இந்த வரிசையைப் பின்பற்றலாம். முதலில் விளக்கு, அடுத்து வடம், பிறகு பலகையைச் செருகுமுன்னும் செருகியபின்னும் கணினியின் கருவிப் பட்டியல், பின்னர் சில்லின் பெயர், அதற்குரிய இயக்கி, லினக்ஸ் ஆனால், வாயிலைப் பயன்படுத்தும் அனுமதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நாம் பின்பற்றும் அதே நெறிதான் இது.

இத்தொல்லை இப்போது குறைந்து வருகிறது. தொடர்நிலைக் கருவிகளுக்கென்று யு.எஸ்.பி.யில் ஒரு பொதுமொழி உண்டு. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதைத் தானே புரிந்துகொள்கிறது. 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற பலகைகள் கணினிக்கு ஒரு சேமிப்பகம் போலவே தோன்றுகின்றன; நிரல் கோப்பை அதில் இட்டால் போதும். எல்லோரும் ஒரு மொழி பேசினால் தனித் துபாஷி எதற்கு?

மறுநாள் மலையிறங்கும்போது, 20 வளைவுகளிலும் அழுத்தத்தை அளந்தோம். ஏறும்போது கிடைக்காத வரைபடம் இறங்கும்போது கிடைத்தது. பலகையை மடியில் வைத்திருந்தவள் அந்த மாணவியே. முதல்நாள் அவள் கேட்ட கேள்விக்கு விடையை அவளே கண்டுபிடித்திருந்தாள்: கெடுத்தது அவள் கையன்று. இளைஞர்களே, உங்கள் கருவி பேச மறுத்தால், முதலில் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். எந்தக் கம்பியில் செய்தி நின்றது என்று தேடுங்கள்.