உள்ளக நாற்று வளர்ப்பு

உள்ளக நாற்று வளர்ப்பு என்பது, வெயில் நேரடியாகப் படாத கட்டடத்தினுள் விதைகளை முளைக்கச் செய்து, இளம் நாற்றுகளைப் பேணும் முறை ஆகும். தமிழ்நாட்டில் இது சடங்கு வடிவில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. கோயில்களிலும் திருமணங்களிலும் இடம்பெறும் முளைப்பாலிகையும், தென் மாவட்டங்களின் முளைப்பாரியும் இவ்வகையைச் சேர்ந்தவை. வளர்ப்பு விளக்குகளின் கீழ் காய்கறி, மலர் நாற்றுகளை வளர்ப்பது இதன் அண்மைக்கால வடிவம் ஆகும்.

முளைப்பாலிகை

பாலிகை என்பது முளை வளர்க்கும் மண்கலம். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில், கண்ணகியின் திருமணத்தில் பெண்கள் பாலிகை ஏந்தி வந்த செய்தி இடம்பெறுகிறது.

கோயில் விழாக்களின் தொடக்கத்தில் இச்சடங்கு அங்குரார்ப்பணம் எனப்படுகிறது. அங்குரம் என்றால் முளை. சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள வரதராஜப் பெருமாள் கோயில் பாஞ்சராத்திர ஆகமத்தைப் பின்பற்றுவது. இங்கு வைகாசிப் பெருவிழாவின் கொடியேற்றத்திற்கு முன்னர் அங்குரார்ப்பணம் நடைபெறுகிறது. ஆகமங்கள் பாலிகை, கடிகை, சராவம் என மூவகைக் கலங்களைக் குறிப்பிடுகின்றன. பயிர்களுக்கு அதிபதி சந்திரன் என்பது மரபு ஆதலால் விதைப்பு இரவில் செய்யப்படுகிறது. முளைகள் செழித்து நேராக வளர்வது நன்னிமித்தம் என்றும், கருகுவதும் கோணுவதும் தீநிமித்தம் என்றும் கருதப்படுகின்றன.

மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களில் பெண்கள் முளைப்பாரி வளர்க்கின்றனர். மண், எரு, வைக்கோல் இட்ட கலத்தில் ஊறவைத்த தானியங்களைத் தூவி, இருண்ட அறையில் வைத்து, நாள்தோறும் நீர் தெளிப்பர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் உயர்ந்து வளரும் முளைகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு நீர்நிலையில் கரைக்கப்படுகின்றன.

ஒளியின் பங்கு

இருட்டில் வளர்ந்த முளைகள் வெளிர் மஞ்சளாகவும், மெலிந்து நீண்டும் இருக்கும். இந்நிலை வெளிறல் எனப்படும். பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாவதன் இறுதிக் கட்டங்களில் ஒன்றிற்கு ஒளி தேவை. அது கிடைக்காதபோது மஞ்சள் நிறமிகள் மட்டும் வெளித்தெரிகின்றன. மண்ணுக்குள் புதைந்த முளை ஒளியை விரைவில் எட்டுவதற்காக, சேமித்த உணவைத் தண்டின் நீட்சிக்கே செலவிடுகிறது. முளைப்பாரி விரைந்து உயர்வதற்கும் இதுவே காரணம். விதையிலுள்ள உணவு தீர்ந்தபின் ஒளி இல்லையெனில் முளை மடியும். விழா அதற்கு முன்பே முடிந்துவிடுவதால் முளைப்பாரிக்கு இது குறையன்று. தோட்டத்தில் நடவேண்டிய நாற்றுக்கோ இது உயிர்ப் பிரச்சினை ஆகும்.

சார்லசு டார்வினும் அவருடைய மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட நூலில், புல் முளையின் நுனியே ஒளியை உணர்கிறது என்றும், வளைவு அதற்குக் கீழே நிகழ்கிறது என்றும் காட்டினர். சன்னல் ஓரத்து நாற்றுகள் ஒரு பக்கமாகச் சாய்வது இதனாலேயே. சிவப்பொளியை உணரும் நிறமியான பைட்டோகுரோம் 1959இல் அமெரிக்காவின் பெல்ட்சுவில் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. நீல ஒளி தண்டின் நீட்சியைக் கட்டுப்படுத்தி, நாற்றைக் குட்டையாகவும் உறுதியாகவும் வைக்கிறது.

விளக்கொளியில் பராமரிப்பு

* விளக்கு: வெள்ளை எல்.இ.டி. அல்லது குழல்விளக்கு போதுமானது. இழை பல்பு வெப்பத்தை மிகுதியாக உமிழ்வதால் ஏற்றதன்று.
* உயரம்: குழல்விளக்கு நாற்றின் நுனியிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். எல்.இ.டி. விளக்கிற்கு அதன் திறனைப் பொறுத்துக் கூடுதல் இடைவெளி தேவை. நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்தவேண்டும்.
* நேரம்: நாள்தோறும் 14 முதல் 16 மணி நேர ஒளி தரப்படுகிறது. முளை வெளிவந்த நாளிலிருந்தே ஒளி தேவை. தாமதித்தால் நீண்டுபோன தண்டு மீண்டும் குறுகாது.
* ஊடகம்: குழித்தட்டுகளில் மட்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை இடுவது வழக்கம். 98 குழிகள் கொண்ட தட்டுகள் தமிழ்நாட்டு நாற்றங்கால்களில் பரவலாகப் பயன்படுகின்றன.
* நீர்: தட்டின் அடியிலிருந்து நீர் உறிஞ்சப்படுமாறு வைப்பது நல்லது. மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருக்கக்கூடாது.

நாற்றழுகல்

உள்ளக நாற்றுகளைப் பெரிதும் அழிப்பது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசாக்டோனியா முதலிய மண்வாழ் நுண்ணுயிரிகள் தண்டின் அடியைத் தாக்குவதால், நலமாகத் தோன்றிய நாற்றும் ஓரிரவில் சரிந்துவிடும். சரிந்த நாற்றைக் காப்பாற்ற இயலாது. நெருக்கமான விதைப்பு, மிகுநீர், காற்றோட்டமின்மை, குறைந்த ஒளி ஆகியவை இதற்குத் துணைபுரிகின்றன. தூய கலம், டிரைக்கோடெர்மா விரிடி கொண்டு விதை நேர்த்தி, மெல்லிய காற்றோட்டம் ஆகியவை தடுப்பு முறைகளாம்.

வெயிலுக்குப் பழக்குதல்

விளக்கொளியில் வளர்ந்த இலைகள் நேரடி வெயிலைத் தாங்கா. காஞ்சிபுரம் போன்ற வட தமிழக ஊர்களில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசை ஒட்டிச் செல்வதால், நாற்றை உடனே வெளியில் நட்டால் இலைகள் வெளுத்துக் கருகும். ஆதலால் 7 முதல் 10 நாட்களுக்கு, முதலில் நிழலிலும் பின்னர்க் காலை வெயிலிலும் வைத்து, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவர். வெயில் மிகுந்த இவ்வூர்களில் திறந்த மாடியோ முற்றமோ உடையவர்களுக்கு நிழல்வலையே போதும். அடுக்குமாடி வீடுகளிலும் ஒளி குன்றிய அறைகளிலுமே வளர்ப்பு விளக்கு பயன் மிகுந்தது.

இவற்றையும் பார்க்க

* முளைப்பாரி
* ஒளிச்சேர்க்கை
* காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில்